எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்றால், தம்பியின் குடலில் மட்டும் ஏன்?

குடவாசல்காரி கேட்டது:

வணக்கம். நான் அறிவியல் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது. நான்கு வருடமாகக் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். முதல் எட்டு மாதம் குடல் காசநோய் என்று நினைத்து அதற்கான மாத்திரைதான் கொடுத்தார்கள். அதில் கேட்கவில்லை. அப்புறம்தான் குரோன்ஸ் என்று தெரிந்தது. இப்போது எட்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து ஏற்றுகிறோம். 41 கிலோவுக்கு இறங்கியிருந்தவன் இப்போது 52 கிலோ.

டாக்டரிடம் காரணம் கேட்டேன். "மரபணுவும் இருக்கிறது, சூழலும் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது" என்றார். அதற்கு மேல் கேட்க அங்கே நேரமில்லை, வெளியே நாற்பது பேர் நின்றார்கள்.

2024-இல் லண்டனில் ஒரு கண்டுபிடிப்பு என்று படித்தேன். 21-ஆவது குரோமோசோமில், மரபணுவே இல்லாத ஒரு இடத்தில் இருக்கும் வித்தியாசம்தான் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று போட்டிருந்தது. இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்றுதான் பத்தாம் வகுப்பில் படித்தேன். அப்படியானால் அந்த வித்தியாசம் அவன் கண்ணிலும் தோலிலும் தலைமுடி வேரிலும் இருக்குமே. அங்கெல்லாம் ஒன்றும் ஆகாமல் எதிர்ப்புச் செல்லில் மட்டும் ஏன் ஆகிறது? மரபணுவே இல்லாத இடம் எப்படி ஒரு நோயை உண்டாக்கும்? இன்னொன்று, ஒரு நிறுவனம் எச்சிலை எடுத்துப் பரிசோதித்து நோய் வருமா என்று சொல்கிறோம், 14,000 ரூபாய் என்கிறார்கள். நானும் அதே அம்மா வயிற்றில் பிறந்தவள். செய்துகொள்ளலாமா?

தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

மதகடி எழுதியது:

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்குத்தான் நான் ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். சிங்கப்பூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில், வரும் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களை வகை வகையாகப் பிரித்துக் கொடுக்கும் டெக்னீஷியன் நான்.

எங்கள் ஊர் ஏரிக்கு நான்கு மதகு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மாதம் கிழக்கு மதகின் பலகை சரியாக இறங்கவில்லை. கிழக்கு ஆயக்கட்டு முழுக்கத் தண்ணீர் நின்று நாற்று அழுகிப் போனது. எங்கள் வயல் தெற்கில். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏரி அதே ஏரி, தண்ணீரும் அதே தண்ணீர். அந்தப் பலகையை நம்பி இருந்தவர்கள் கிழக்குப் பக்கத்துக்காரர்கள் மட்டும்தான்.

மரபணுவை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எந்தச் செல்லுக்கு எவ்வளவு பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் மதகுகள் டி.என்.ஏ.விலேயே வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இவற்றுக்கு என்ஹான்சர் என்று பெயர். நம் டி.என்.ஏ. கிட்டத்தட்ட 300 கோடி எழுத்து. அதில் புரதம் செய்யும் குறிப்பு 2 சதவீதம்கூட இல்லை. மதகுகள் பெரும்பாலும் மிச்சப் பகுதியில்தான் கிடக்கின்றன. பரவலாக வரும் நோய்களோடு தொடர்புள்ளவை என்று இதுவரை கண்டுபிடித்த எழுத்து மாற்றங்களில் பத்துக்கு ஒன்பது அந்த மிச்சப் பகுதியில்தான் விழுந்திருக்கின்றன. ஆக, "மரபணு இல்லாத இடம்" என்றால் வேலை இல்லாத இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மதகைத் திறப்பது யார்? அதற்கென்று சில புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பார்த்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்கென்று ஒரு கூட்டம் புரதங்களை வைத்திருக்கிறது. மோனோசைட், மேக்ரோபேஜ் என்று இரண்டு வகை எதிர்ப்புச் செல்கள், முதலாவது ரத்தத்தில் ஓடுவது, மற்றது உறுப்புகளில் தங்குவது. இரண்டிலும் பி.யூ.1 என்ற புரதம் ஏராளம். நீங்கள் படித்த அந்த 21-ஆவது குரோமோசோம் இடத்தில் ஒரு எழுத்து மாறினால் பி.யூ.1 இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. மதகு கூடுதலாகத் திறக்கிறது. கண்ணிலும் தோலிலும் அதே எழுத்து இருக்கிறது, நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் அங்கே அந்த இடம் இறுகச் சுருட்டி மூடிக் கிடக்கும். திறக்கிற ஆளும் அங்கே இல்லை.

திறந்தால் பாய்வது ஈ.டி.எஸ்.2 என்ற மரபணு. மதகிலிருந்து கிட்டத்தட்ட 3 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. டி.என்.ஏ. மடிந்து மடிந்து கிடப்பதால் தூரத்தில் இருப்பவை அருகருகே வந்துவிடும். லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்துக் குழு 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது இதைத்தான். அந்த மதகை வெட்டிப் பார்த்தார்கள், ஈ.டி.எஸ்.2 குறைந்தது. சும்மா இருந்த மேக்ரோபேஜில் ஈ.டி.எஸ்.2-வைக் கூட்டிப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லாமலே அந்தச் செல் நோயாளியின் குடலில் இருக்கும் செல் போல அழற்சிக்குத் தயாராகிவிட்டது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., ஐ.எல்.23 என்ற புரதங்கள் கூடின. உங்கள் தம்பிக்கு ஏற்றும் இன்ஃப்ளிக்ஸிமாப் பிடித்துக் கட்டுவது அந்த டி.என்.எஃப்.-ஐத்தான்.

"குடலில் மட்டும்" என்பதிலும் ஒரு சின்னத் திருத்தம். இதே இடம் முதுகெலும்பு இறுகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், பெருந்தமனி வீங்கும் தகாயாசு நோய், பித்தக்குழாய் அழற்சி ஒன்று, இவற்றோடும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மேக்ரோபேஜ் எந்த உறுப்பில் உட்கார்ந்து கோபப்படுகிறது என்பதை வேறு பல காரணங்கள் தீர்மானிக்கின்றன.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பிடித்த பகுதி. ரத்தத்தைக் கொஞ்சம் கரைத்து, ஃபைகால் என்ற கனமான திரவத்தின் மேல் கலங்காமல் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அரை மணி நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும், நிற்கும்போது பிரேக் போடக் கூடாது. வெளியே எடுத்தால் சிவப்பு கீழே, மஞ்சள் மேலே, நடுவில் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் மெல்லிய வளையம். டி செல், பி செல், மோனோசைட் எல்லாம் அந்த வளையத்தில்தான். அதை உறிஞ்சி எடுத்து, காந்த மணிகளை ஒட்டவிட்டு ஒவ்வொரு வகையாகப் பிரிப்போம். நியூட்ரோபில் என்ற வெள்ளணு மட்டும் சிவப்பணுவோடு கீழே போய்விடும். அது சில மணி நேரத்திலேயே சாக ஆரம்பிக்கும், அதற்குத் தனி ஓட்டம்.

ஏன் இத்தனை பாடு? முழு ரத்தத்தையும் அப்படியே அரைத்து எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தால், வெள்ளணுவில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்தான், அதன் சத்தம்தான் கேட்கும். பி செல் சொல்வது மூழ்கிப்போகும்.

ஆக்ஸ்ஃபோர்டில் 2012-இல் 280-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து பி செல்லையும் மோனோசைட்டையும் தனித்தனியாக எடுத்து அளந்தார்கள். பல எழுத்து மாற்றங்கள் ஒரு செல்லில் மட்டும் மரபணுவைக் கூட்டின அல்லது குறைத்தன. சிலவற்றில் ஒரே மாற்றம் ஒரு செல்லில் கூட்டுகிறது, இன்னொன்றில் குறைக்கிறது! அந்த வரியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டையும் கலந்து அளந்திருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லை என்றுதான் காட்டியிருக்கும்.

2014-இல் அதே குழு இன்னொரு படி மேலே போனது. 432 பேரின் மோனோசைட்டை பாக்டீரியாவின் மேல்தோல் பொருளாலும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தாலும் சீண்டிவிட்டு அளந்தார்கள். கண்டுபிடித்த மரபணுத் தொடர்புகளில் பாதிக்கு மேல் சீண்டிய பிறகுதான் தென்பட்டன. பலகையில் ஓட்டை இருக்கிறதா என்று சித்திரை மாதம் வற்றிய ஏரியில் பார்த்தால் தெரியாது. ஐப்பசியில் நிறைந்த பிறகுதான் தெரியும்.

பரிசோதனை பற்றி ராத்திரி எழுதுகிறேன், ஒரு ஓட்டம் பாதியில் இருக்கிறது. அதுவரை பணம் கட்டிவிடாதீர்கள்.

---

ஓ_நெகட்டிவ் எழுதியது:

நான் ரத்த வங்கியில் வேலை செய்கிறேன். மதகடி சார் சொன்னதற்கு என் மேசையிலேயே ஒரு உதாரணம் தினமும் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கு எதிர்ப்புரதம் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பேனல் தாள் வைத்திருப்போம். அதில் டஃபி என்று ஒரு ரத்த வகைக்கு இரண்டு கட்டம். 1950-இல் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டு, அவர் பெயரையே வைத்தார்கள். இரண்டு கட்டத்திலும் கழித்தல் குறி உள்ளவர்களை நம் ஊரில் பார்ப்பது மிக அரிது. மேற்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட எல்லோருமே அப்படித்தான்.

டஃபி என்பது சிவப்பணுவின் மேல் நிற்கும் ஒரு புரதம். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். சென்னையில் மலேரியா என்றாலே பெரும்பாலும் வைவாக்ஸ்தான், நமக்கு நன்றாகத் தெரிந்த கிருமி. டஃபி இல்லாதவர்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. 1970-களிலேயே இதைக் கண்டுவிட்டார்கள்.

ஏன் இல்லை என்பது 1995-இல் தெரிந்தது. மரபணு முழுசாக நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து, டி இருக்க வேண்டிய இடத்தில் சி. அந்த இடத்தில்தான் காட்டா1 என்ற புரதம் வந்து ஒட்ட வேண்டும். சிவப்பணு உருவாகும் செல்கள் காட்டா1-ஐ நம்பி இருப்பவை. எழுத்து மாறியதால் அது ஒட்ட முடியவில்லை, சிவப்பணுவில் டஃபி இல்லை. ஆனால் அதே மனிதரின் சிறிய ரத்த நாளங்களின் உட்சுவரில் டஃபி வழக்கம்போல இருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே எழுத்து, ஒரு செல்லில் மட்டும் இல்லை.

இது எதிர்ப்புச் சக்தியையும் தொடுகிறது. டஃபி என்பது வெள்ளணுக்களைக் கூப்பிடும் கீமோகைன்களைப் பிடித்து வைக்கும் புரதம். இந்த எழுத்தை அம்மா, அப்பா இரண்டு பக்கமும் வாங்கியவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை பிறவியிலேயே குறைவாக இருக்கும். அது அவர்களுக்கு இயல்பு, தொற்றுநோய் அதிகம் வருவதில்லை. அது தெரியாமல், எண்ணிக்கை குறைவு என்று சொல்லிப் பல ஆப்பிரிக்க வம்சாவளி நோயாளிகளுக்குப் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைத்தும் தள்ளிப் போட்டும் இருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். ஒரு எழுத்து எந்தச் செல்லில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது ஆராய்ச்சிக் கூடத்தோடு நிற்கிற சங்கதி இல்லை.

---

சராசரி எழுதியது:

இரண்டு பதிவும் நன்றாக இருக்கின்றன. தரவு பார்க்கும் ஆள் என்ற முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை.

"இந்தச் செல்லில் மட்டும்" என்று யாராவது சொன்னால், அங்கே எத்தனை செல்லை எண்ணினார்கள் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 982 பேரின் ரத்தத்திலிருந்து 12 லட்சத்து 70 ஆயிரம் செல்களை ஒவ்வொன்றாகப் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். 14 வகைச் செல், எழுத்து மாற்றத்துக்கும் மரபணு ஓடும் அளவுக்கும் இடையே 26,597 தொடர்புகள். மலைப்பான வேலை. ஆனால் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு 1,300 செல்தான் வருகிறது. அதில் டி செல் நூற்றுக்கணக்கில் இருக்கும். டென்ட்ரைடிக் செல் என்ற அரிய எதிர்ப்புச் செல்லை விரல்விட்டு எண்ணலாம். அரிய செல்லில் தொடர்பு குறைவாகக் கிடைத்தால், உண்மையிலேயே குறைவா, செல் போதவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

டஃபி, ஈ.டி.எஸ்.2 இரண்டும் அப்படி இல்லை. முதலாவதில் எந்தப் புரதம் ஒட்டவில்லை என்பது வரை தெரிகிறது. இரண்டாவதில் வெட்டியும் கூட்டியும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த இரண்டையும் நான் நம்புகிறேன்.

---

குடவாசல்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. மதகு என்றதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, எங்கள் பக்கமும் ஆறு வாய்க்கால்தான். தம்பியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப எனக்கு ஒரு பலகை மட்டும்தான் சரியில்லையா அக்கா" என்று கேட்டான்.

இன்னொரு விஷயம், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நோய்க்குக் காரணம் என்று மரபணு என்ற வார்த்தை வந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் வழியாகத்தான் வந்தது என்று நினைக்கிறார். அவரிடம் என்ன சொல்வது? அந்த 14,000 ரூபாய்ப் பரிசோதனை?

---

மதகடி எழுதியது:

முதலில் தம்பிக்கு: ஒரு பலகை இல்லையப்பா. குரோன்ஸ், அதைப் போன்ற இன்னொரு குடல் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டுக்கும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். அதன் மேல் குடல் பாக்டீரியா, சின்ன வயதுத் தொற்று, சாப்பாடு, இன்னும் எத்தனையோ. டி.என்.ஏ. முழுக்க ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்குக் குரோன்ஸ் வந்தாலும், மற்றவருக்கு வராமலே போவது சாதாரணம்.

அதனால்தான் பணம் கட்ட வேண்டாம் என்றேன். அந்த 21-ஆவது குரோமோசோம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நோயைக் கூட்டும் எழுத்துதான் நான்கில் மூன்று பங்கு. குடல் அழற்சி நோயாளிகளில் 95 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று செய்தியில் போட்டார்கள், உண்மைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி என்பதால், அங்கே தெருவில் போகிற பத்துப் பேரைப் பிடித்தாலும் ஒன்பது பேரிடம் ஒரு பிரதியாவது இருக்கும். அது இருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ராத்திரித் தூக்கம்தான் போகும்.

அந்தப் பரிசோதனைகள் போடும் மதிப்பெண்ணில் இன்னொரு சிக்கல். அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். 2019-இல் கணக்கெடுத்தபோது 78 சதவீதம். நம் மக்களிடம் எழுத்துகள் வேறு விகிதத்தில் இருக்கும், அந்த மதிப்பெண் அப்படியே பொருந்தாது. இப்போதுதான் மாறி வருகிறது. ஆசிய எதிர்ப்புச் செல் அட்லஸ் என்று ஒன்று 2025-இல் முதல் கட்டமாக வெளிவந்தது. ஜப்பான், கொரியா, தாய்லாந்து, இந்தியா, அப்புறம் சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று 619 பேர். சிங்கப்பூர் இந்தியர் என்றால் பாதிக்கு மேல் தமிழர்தான். நம் ஆட்களின் மோனோசைட் இப்போதுதான் கணக்கில் ஏறியிருக்கிறது.

காசு செலவழிக்க உண்மையில் பயன் உள்ள பரிசோதனை ஒன்று உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். குரோன்ஸுக்கு அசதயோபிரின் என்ற மாத்திரை கொடுப்பார்கள், இன்ஃப்ளிக்ஸிமாபோடு சேர்த்தும் கொடுப்பார்கள். என்.யூ.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை வெள்ளணுவைத் திடீரென்று சரித்துவிடும். ஐரோப்பியரிடம் இது மிகக் குறைவு, ஆசியர்களிடம் அதிகம். அதனால்தான் 2014-இல் கொரிய நோயாளிகளைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்த மாற்றம் மதகில் இல்லை, நேராகப் புரதத்திலேயே இருக்கிறது. அதனால் விடை தெளிவாக வரும், டாக்டர் அதை வைத்து அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்து தரலாம். தம்பியின் மருந்துப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஈ.டி.எஸ்.2 பக்கம் மருந்து வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். புற்றுநோய்க்கு ஏற்கனவே இருக்கும் மெக் தடுப்பான்கள் என்ற மருந்துகள் ஆய்வுக் கூடத்தில் அந்த அழற்சியை அடக்கின, நோயாளிகளின் குடல் துணுக்குகளிலும்கூட. ஆனால் அவை மற்ற உறுப்புகளையும் பாதிக்கும். மேக்ரோபேஜுக்கு மட்டும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். கிழக்கு மதகை மட்டும் இறக்க வேண்டும், ஏரியை மூடக் கூடாது.

இனி அம்மாவுக்கு. அந்த 21-ஆவது குரோமோசோம் எழுத்து குறைந்தது 5 லட்சம் வருடப் பழசு. நியாண்டர்தால் மனிதர்களின் எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.விலும் இருக்கிறது. அவ்வளவு காலம் அழியாமல் வந்திருக்கிறது என்றால், அன்றைக்குக் கிருமியை எதிர்க்க அது கைகொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அம்மாவுக்கு அவர் அம்மா கொடுத்தது, அவருக்கு அவர் அம்மா. என் அம்மாவும் எனக்குக் கொடுத்திருப்பார். தன் வயிற்றிலிருந்து தப்பான பொருள் ஏதோ போய்விட்டது என்று அவர் நினைக்க வேண்டாம். இதை நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

---

குடவாசல்காரி எழுதியது:

ஃபைலைப் புரட்டினேன். அசதயோபிரின் 50 மில்லிகிராம், போன மாசியில் ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரத்தில் என்.யூ.டி.டி.15 என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறது, மாற்றம் இல்லை என்று போட்டிருக்கிறது. என்ன பரிசோதனை என்று தெரியாமல் நான்தான் பணம் கட்டி ரசீதை வாங்கிப் பின் போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் இன்று சாயங்காலம் பேசினேன். பாட்டிக்கு முன்னால் எத்தனை பாட்டி என்று கேட்டார். கணக்குப் போட்டேன், தலைமுறைக்கு 25 வருடம் என்றால் 20,000 பாட்டிகள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்த் தோசை ஊற்றினார்.